வேலை வேண்டுமா, ஆள் வேண்டுமா?

அழைப்பில் இருவகை உண்டு. அன்பால் அழைப்பது ஒன்று; அதிகாரத்தால் அழைப்பது மற்றொன்று. திருமண வீட்டார் “வருக, வருக” என்று அழைக்கின்றனர், வராவிட்டால் வருந்துகின்றனர். பண்ணையார் “வாடா இங்கே!” என்று அழைக்கிறார்; வராவிட்டால் வதைக்கிறார். முன்னது அழைப்பு, பின்னது ஆணை. ஆணை சில வேளைகளில் அழைப்பின் ஆடையை அணிந்துகொண்டு வருவதுண்டு. அறிவுடையோர் விழிப்பாக இருக்கவேண்டிய வேளை அதுதான்.

அத்தகையதோர் ஆணை இன்று உலகெங்கும் ஒலிக்கிறது. “அலுவலகத்துக்குத் திரும்புங்கள்! வாரத்தில் ஐந்து நாளும் வந்து அமருங்கள்!” என்கின்றனர் பெருநிறுவனங்களின் தலைவர்கள். “ஏன்?” என்று கேட்கின்றனர் ஊழியர்கள். அந்த ‘ஏன்’ எனும் சொல் நமக்கு மிகவும் வேண்டிய சொல். நமது இயக்கத்தை ஈன்றெடுத்த சொல். ஆகவே, கணினிக்கு முன் அமர்ந்து பணியாற்றுவோரின் வழக்கில் நமக்கென்ன வேலை என்று ஒதுங்காமல், அந்தக் கேள்வியின் பின்னே சிறிது தூரம் நடந்து பார்ப்போம்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். கொரோனா எனும் கொடுந்தொற்று நாட்டுக்கு நாடு தாவிற்று. கடைகள் கதவடைத்தன. தெருக்கள் ஓய்ந்தன. அப்போது ஊழியரை வீட்டுக்கு அனுப்பியது யார்? அவர்களா கேட்டனர்? இல்லை. நிறுவனங்களே அனுப்பின. “வீட்டில் இருங்கள், ஆனால் வேலை மட்டும் நின்றுவிடக் கூடாது” என்றன. வேலை நின்றதா? நிற்கவில்லை. சமையற்கட்டின் மூலையிலும், மாடிப்படியின் அடியிலும், மடியில் குழந்தையை இருத்திக்கொண்டும், பக்கத்து அறையில் நோயாளியைப் பார்த்துக்கொண்டும் அவர்கள் வேலை செய்தனர். வங்கிக் கணக்குகள் வழுவின்றி நடந்தன. மென்பொருள்கள் எழுதப்பட்டன. நிறுவனத் தலைவர்கள் பாராட்டினர். பங்குதாரர்களிடம் பெருமையுடன் பகர்ந்தனர்.

டி.சி.எஸ். நிறுவனம், 2020 ஏப்ரலில், ஒரு படி மேலே சென்றது. 2025ஆம் ஆண்டுக்குள் எந்நேரத்திலும் ஊழியருள் நூற்றுக்கு 25 பேருக்கு மேல் அலுவலகத்தில் இருக்கத் தேவையே இராது என்று அறிவித்தது. சென்னைக்குத் தெற்கே சிறுசேரியில் பெரும் வளாகம் கொண்ட நிறுவனம் அது. ஆகவே அந்த அறிவிப்பு நம் ஊர்களின் எத்தனையோ வீட்டு வாயில்களையும் எட்டிற்று. பெற்றோரின் பக்கத்தில் இருந்தவாறே பிள்ளை பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியோர் பலர். மூன்றரை ஆண்டுகள் உருண்டன. 2023 அக்டோபரில் அதே நிறுவனம், வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வா என்றது. 2024இல், ஊதியத்தின் மாறும் பகுதியை வருகைக் கணக்கோடு முடிச்சுப் போட்டது. எவ்வளவு செய்தாய் என்பதோடு, எத்தனை நாள் வந்தாய் என்பதும் கூலியை அறுதியிடும் அளவுகோல் ஆயிற்று!

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமன்று. அமெரிக்காவின் அமேசான், 2025 சனவரி 2 முதல் வாரத்துக்கு ஐந்து நாள் என்றது. ஜே.பி.மார்கன் எனும் பெருவங்கி, அதே ஆண்டு மார்ச்சு முதல் அவ்வாறே வரவேண்டும் என்று ஆணையிட்டது. தொலைவில் இருப்போர் முகம் பார்த்துப் பேசும் கருவியை உலகுக்கு விற்றுக் கொழித்த ஜூம் நிறுவனங்கூட, 2023 ஆகஸ்டில், அலுவலகத்துக்கு ஐம்பது மைல் தொலைவுக்குள் வாழும் தன் ஊழியர் வாரம் இருநாளாவது நேரில் வரவேண்டும் என்றது. ஊருக்கெல்லாம் குடை விற்றவர், தம் வீட்டார் மட்டும் மழையில் நனைந்து வரவேண்டும் என்பது போலிருந்தது அது!

காரணம் கூறாமல் இல்லை. கூறுகின்றனர். கூடியிருந்தால் புதுக்கருத்துப் பிறக்குமாம். நிறுவனத்தின் பண்பாடு வளருமாம். இளையோர் முதியோரிடம் கற்பராம். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால், இனிமையாக இருப்பதனால் மட்டும் ஒரு கூற்று உண்மையாகிவிடாது. உரைத்துப் பார்க்க வேண்டும். பொன்னை உரைக்கும் கல் உண்டு. கருத்தை உரைக்கும் கல் சோதனை.

சோதனை நடந்திருக்கிறது. சீன நாட்டில் சிடிரிப் எனும் பயண ஏற்பாட்டு நிறுவனம். அதன் தொலைபேசி மையத்தில், விரும்பி முன்வந்த 249 ஊழியரை இரு கூறாக்கி, ஒரு கூறினரை வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும், மறுகூறினரை அலுவலகத்திலிருந்தும் ஒன்பது திங்கள் பணிபுரியச் செய்தனர். யார் எந்தக் கூறு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தனர். நிக்கோலஸ் புளூம் எனும் பொருளியல் பேராசிரியரும் அவர்தம் துணைவரும் ஆய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவு இது: வீட்டிலிருந்தோரின் பணித்திறன் நூற்றுக்கு 13 பங்கு உயர்ந்தது, வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாயிற்று. அதே நிறுவனத்தில் பின்னர் 1,612 பேரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2024இல் வெளிவந்தது. வாரத்தில் இருநாள் வீட்டிலிருந்து பணிபுரிந்தோரின் திறன் குன்றவில்லை. பதவி உயர்வு குறையவில்லை. விலகுவோர் தொகை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அமெரிக்கப் பெருநிறுவனங்கள் பற்றியும் ஆய்வு உண்டு. பிட்சுபர்க் பல்கலைக் கழகத்தார் 2024இல் ஆராய்ந்து உரைத்தது: “திரும்பி வா” என்று ஆணையிட்ட நிறுவனங்களின் ஆதாயமோ, மதிப்போ அந்த ஆணையால் குறிப்பிடத்தக்க அளவு உயரவில்லை, ஊழியரின் மனநிறைவுதான் தாழ்ந்தது. அதுமட்டுமா? பங்கு விலை சரிந்த நிறுவனங்களே இத்தகைய ஆணையை மிகுதியாகப் பிறப்பித்தன என்பதையும் அவர்கள் கண்டனர். ஆடத் தெரியாதவருக்குக் கூடம் கோணல்! ஆதாயம் குறைந்ததற்குத் தலைவரின் திட்டம் காரணமன்று. தங்கையா தன் வீட்டில் அமர்ந்து தட்டச்சிட்டதுதான் காரணம்!

ஆதாயத்தைக் கடவுளாகக் கருதும் கூட்டத்தார், ஆதாயம் தராத ஒன்றை ஏன் இத்தனை பிடிவாதமாகக் கேட்கின்றனர்? இங்கேதான் நமக்குச் சுவை பிறக்கிறது. பலன் தரவில்லை என்று தெரிந்த பின்னரும் ஒருவர் ஒரு செயலை விடாது செய்வாரானால், அதற்கு நாம் வழங்கும் பெயர் என்ன? சடங்கு! பால் ஊற்றினால் கல் பருகாது என்று தெரிந்தும் ஊற்றுகிறாரே, அவருக்கு வேண்டியது பலனன்று, மனநிறைவு. முதலாளிக்கும் அத்தகைய மனநிறைவு ஒன்று வேண்டியிருக்கிறது. அது யாது?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2022இல் வெளியிட்ட கணக்கு ஒன்று விடை தருகிறது. தாம் திறம்படப் பணியாற்றுவதாக உரைத்த ஊழியர், நூற்றுக்கு 87 பேர். வீட்டிலும் அலுவலகத்திலுமாகப் பணி நடப்பதால், ஊழியர் உண்மையில் உழைக்கின்றனர் என்று நம்புவதே அரிதாகிவிட்டது என்று உரைத்த தலைவர்கள், நூற்றுக்கு 85 பேர். வேலை நடக்கவில்லை என்பதன்று குறை. வேலை நடப்பதைக் கண்ணால் காண முடியவில்லை என்பதே குறை! கணக்கு சரியாக இருக்கிறது. கண்தான் பசித்துக் கிடக்கிறது.

இந்தக் கண்ணின் பசி நேற்றுத் தோன்றியதன்று. வரலாற்றைப் புரட்டுவோம். ஆலைகள் தோன்றுமுன் இங்கிலாந்தின் நெசவாளர் தம் குடிசையிலேயே தறியிட்டு நெய்தனர். வணிகர் நூல் தருவார், துணி பெறுவார், கூலி கொடுப்பார். எப்போது எழுவது, எப்போது ஓய்வது என்பது நெசவாளர் கையில் இருந்தது. 1771இல் ரிச்சர்டு ஆர்க்கரைட், குரோம்ஃபோர்டு எனும் சிற்றூரில் ஆற்று நீரின் விசையால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். மணி அடித்தது, மக்கள் ஓடினர். மண்கலத் தொழிலில் பெரும்பொருள் ஈட்டிய ஜோசயா வெட்ஜ்வுட், தம் எட்ரூரியா தொழிற்சாலையில் மணி அடித்து ஆள் சேர்த்தார். யார் எப்போது வந்தார் என்று குறித்துவைக்க ஏற்பாடு செய்தார். நீர்ச்சக்கரத்தைக் குடிசைக்குள் கொண்டுபோக முடியாது என்பது மெய். ஆகவே ஆலைக்கு ஒரு காரணம் இருந்தது. ஆனால் அது மட்டுமே காரணமா? 1974இல் ஸ்டீபன் மார்க்ளின் எனும் பொருளியலறிஞர் இக்கேள்வியை எழுப்பினார். தொழிலாளரை ஒரு கூரையின் கீழ்க் கொணர்ந்தது எந்திரத்தின் தேவையால் மட்டுமன்று. மேற்பார்க்கவும், நேரத்தை ஆளவுமே முதன்மையாக அது செய்யப்பட்டது என்பது அவர் வாதம்.

இன்னொரு செய்தி கேளுங்கள். ஜெரமி பெந்தம் எனும் ஆங்கில அறிஞர், வட்டமான சிறைச்சாலை ஒன்றை வகுத்துக் காட்டினார். நடுவே ஒரு கோபுரம்; சுற்றிலும் அறைகள். கோபுரத்தில் இருப்பவர் எல்லாரையும் காண்பார்; அவர் தம்மைக் காண்கிறாரா என்பதை அறைக்குள் இருப்போர் அறியார். அந்தச் சிறையைப் பற்றி அறிந்தோர் பலர். ஆனால், அதன் மூலக் கருத்து சிறைக்காக எழுந்ததன்று! 1780களில் உருசியப் பேரரசின் கிரிச்சேவ் எனும் ஊரில், ஒரு பிரபுவின் பண்ணையில், பட்டறைத் தொழிலாளரை மேற்பார்க்க அவருடைய தம்பி சாமுவேல் பெந்தம் வகுத்த திட்டம் அது. தொழிலாளருக்கென நினைத்ததைக் கைதிக்கென மாற்றினார் அண்ணன். இரண்டுக்கும் ஒரே கட்டடம் பொருந்திற்று என்பதில்தான் எத்தனை பெரிய உண்மை உறங்குகிறது!

1888இல், அமெரிக்காவின் ஆபர்ன் நகரில், வில்லர்டு பண்டி எனும் நகை வணிகர், ஊழியர் வந்த நேரத்தைப் பதியும் கடிகாரத்தைச் செய்தார். அக்கடிகாரத்தை விற்ற நிறுவனம் மற்றவற்றோடு இணைந்து, உருமாறி, 1924இல் ஐ.பி.எம். எனும் பெயர் பூண்டது. அந்த ஐ.பி.எம்.தான் 1979இல், ஊழியர் ஐவரின் வீட்டில் கணினி முனையத்தை வைத்து, வீட்டிலிருந்து வேலை எனும் சோதனையைத் தொடங்கிற்று. பல்லாயிரவர்க்கு அதை விரித்தது. அதே ஐ.பி.எம். 2017இல், ஊழியர் பல்லாயிரவரை மீண்டும் அலுவலகத்துக்கு அழைத்தது. பழைய கடிகாரம் நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது போலும்!

அயல்நாட்டுக் கதை போதும். நம் மண்ணுக்கு வருவோம். தஞ்சைத் தரணியில் பண்ணையாள் என்றொரு வாழ்வு இருந்தது. அவன் உழைப்பு மட்டுமா ஆண்டைக்கு உரியது? அவனே உரியவன். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கூப்பிட்ட குரலுக்குக் கொல்லைப்புறம் வந்து நிற்க வேண்டும். நிற்கும் விதத்துக்கும் விதி உண்டு. தோளில் துண்டு இருக்கலாகாது. இடுப்புக்கு இறங்க வேண்டும். துண்டு தோளில் கிடந்தால் நெல் விளையாதா? விளையும். பின் ஏன் இறக்கச் சொன்னார்? நெல்லுக்காக அன்று, தம் நெஞ்சுக்காக! “நான் மேல், நீ கீழ்” என்பதைக் காலையும் மாலையும் கண்ணாரக் காண வேண்டும் என்பதற்காக!

கணினி ஊழியரும் பண்ணையாளும் ஒன்று என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுவது பண்ணையாள் பட்ட பாட்டை இழிவுபடுத்துவதாகும். சாட்டையும் சாணிப்பாலும் எங்கே, குளிரூட்டிய அறை எங்கே! ஆனால், செடி வேறாயினும் விதையில் உறவு உண்டு. நேற்று வரை நம் கடைத்தெருவிலேயே அந்த விதை முளைத்திருந்தது. துணிக் கடைகளிலும் நகைக் கடைகளிலும் பணிபுரிந்த பெண்கள், வாடிக்கையாளர் ஒருவரும் இல்லாத நண்பகலிலுங்கூட நின்றுகொண்டே இருந்தனர். கால் வீங்கிற்று, நரம்பு முடிச்சிட்டது. உட்கார்ந்தால் சேலை விற்காதா? விற்கும். ஆயினும் உட்கார விடவில்லை. கேரளம் 2018இலும், தமிழ்நாடு 2021இலும் சட்டம் இயற்றித்தான் அவர்களுக்கு ஓர் இருக்கை பெற்றுத் தர வேண்டியிருந்தது. மனிதர் உட்காருவதற்கும் ஒரு சட்டம்! ஆதாயத்தால் விளக்க முடியாத அந்தக் கொடுமையை எதனால் விளக்குவது? நிற்பது வேலையன்று, பணிவின் அடையாளம். அந்த அடையாளத்தைத்தான் கடைக்காரர் கேட்டார். அந்த அடையாளத்தைத்தான் இன்று ‘பண்பாடு’ எனும் பெயரால் பலர் கேட்கின்றனர்.

இன்னும் இரு காரணங்கள் உண்டு. ஒன்று, கட்டடம். நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்த மாளிகைகள் வெறிச்சோடிக் கிடக்கின்றன. கோயிலைக் கட்டிவிட்டோம், கும்பிட ஆள் வேண்டாமா என்பது போன்ற கவலை! மற்றொன்று, மறைமுகமாக ஆட்களைக் கழித்துக்கட்டல். அரசு ஊழியர் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வரவேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் பலர் தாமாகவே விலகுவர். அதை வரவேற்கிறோம் என்று எலான் மஸ்க்கும் விவேக் ராமசாமியும் 2024 நவம்பரில் அமெரிக்க நாளேட்டில் ஒளிவு மறைவின்றி எழுதினர். 2025 சனவரி 20இல், பதவியேற்ற அன்றே, அதிபர் டிரம்ப் அந்நாட்டு அரசு ஊழியரை நேரில் வந்து பணிபுரியுமாறு ஆணையிட்டார். வேலையை விட்டு நீக்கினால் ஈட்டுத்தொகை தரவேண்டும், பழி வரும். தாமாகவே போகச் செய்தால் இரண்டும் இல்லை. விருந்தினரை வெளியேறு என்று கூறாமல், பாயைச் சுருட்டிவிட்டால் போதாதா!

எனினும், மஸ்க் அறத்தின் பெயராலும் ஒரு வாதம் உரைத்ததுண்டு. அதை ஒதுக்கிவிட்டுப் போவது நமது முறையன்று. கார் செய்யும் தொழிலாளி வீட்டிலிருந்து கார் செய்ய முடியுமா? வீடு கட்டுபவர், உணவு கொண்டு வருபவர் வீட்டிலிருந்து அதைச் செய்ய முடியுமா? அவர்கள் வெளியே வர, கணினிக்காரர் மட்டும் வீட்டில் இருப்பது ஒழுக்கத்துக்கு மாறானது என்று 2023 மே திங்களில் அவர் கூறினார். சமத்துவம் பேசும் வாதம்! நம் காதிலும் நுழையக்கூடிய வாதம். ஆகவே நின்று விடையளிப்போம்.

சமத்துவம் இருவகைப்படும். தாழ்ந்து கிடப்போரை உயர்த்துவது ஒன்று. உயரத் தொடங்கியவரைத் தாழ்த்துவது மற்றொன்று. ஒருவர் காலில் செருப்பில்லை என்று கண்டால், அவருக்குச் செருப்பு வாங்கித் தருவது நமது சமத்துவம். எல்லாருடைய செருப்பையும் பிடுங்கி எறிவது மஸ்க்கின் சமத்துவம். அலுவலகத்துக்கு ஊழியரை அழைத்ததனால், ஆலைத் தொழிலாளியின் பணிநேரம் ஒரு மணியேனும் குறைந்ததா? கூலி ஒரு காசேனும் கூடிற்றா? உணவு சுமந்து வெயிலில் விரையும் இளைஞருக்கு ஒரு நிழற்குடையேனும் கிடைத்ததா? இல்லை! பிறர் துன்பம் துடைக்கப்படவில்லை; அது வாதத்துக்கு ஊறுகாயாகத் தொட்டுக்கொள்ளப்பட்டது, அவ்வளவே.

சமத்துவம் பேசுவோர் தம்மளவில் அதை ஏற்கின்றனரா? ஸ்டார்பக்ஸ் எனும் காப்பிக் கடை நிறுவனம், 2024இல் பிரையன் நிக்கோலைத் தலைவராக அமர்த்தியபோது, தலைமையகம் இருக்கும் சியாட்டில் நகருக்குக் குடிபெயர வேண்டியதில்லை என்று உடன்படிக்கை செய்தது. ஏறத்தாழ ஆயிரம் மைல் தொலைவில், கலிஃபோர்னியாவில் அவர் வாழலாம். அங்கே அவருக்கோர் அலுவலகம். வந்துபோக நிறுவனத்தின் வானூர்தி! மறு ஆண்டே, அலுவலக ஊழியர் வாரத்தில் நான்கு நாள் நேரில் வரவேண்டும் என்று அவர் தலைமையில் ஆணை பிறந்தது. பேருந்தில் தொங்கி வருபவருக்கு ஒரு நீதி. பறந்து வருபவருக்கு ஒரு நீதி! மனு எழுதி வைத்துவிட்டுப் போனது நம் நாட்டில் மட்டுந்தான் என்று எண்ணியிருந்தோமே!

இதுவரை முதலாளியை வினவினோம். நம்மையும் வினவிக்கொள்ள வேண்டும். வீடு என்றால் விடுதலை என்று பாட்டெழுதப் புகுந்தால், நெல்லையிலும் வேலூரிலும் வாசற்படியில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்கள் நம்மைப் பார்த்து நகைப்பர். அவர்களும் வீட்டிலிருந்துதான் பணிபுரிகின்றனர். இலையும் தூளும் வீட்டுக்கு வருகின்றன, முதுகு வளைகிறது, ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி, அதிலும் ‘கழிவு’ என்று தரகர் தள்ளுபடி. அவர்களையும் தொழிலாளர் என்று ஏற்றுக் காக்க 1966இல் தனிச்சட்டமே வேண்டியிருந்தது. வீட்டுச் சுவர் முதலாளியின் கண்ணை மறைப்பது போல, தொழிலாளியின் துயரையும் மறைக்கும்.

பெண்ணுக்கு வீடு எத்தகைய இடம் என்பதையும் நாம் மறக்கலாகாது. அடுப்படியை ஒழிக்க வேண்டும் என்று பெரியார் ஏன் சொன்னார்? கணினியை மூடிய கையோடு கரண்டியைப் பிடி என்றால், அலுவலகம் எனும் ஒரு நுகத்தடி போய், இரு நுகத்தடிகள் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன என்றுதான் பொருள். சிடிரிப் ஆய்விலும், சோதனை முடிந்து “விரும்பியதைத் தேர்ந்துகொள்க” என்றபோது, வீட்டிலிருந்தோருள் ஏறத்தாழப் பாதிப்பேர் அலுவலகத்துக்கே திரும்பினர். தனிமை அவர்களை வாட்டிற்று. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: ஒரே அளவு திறன் காட்டியும், வீட்டிலிருந்தோருக்குப் பதவி உயர்வு குறைவாகக் கிடைத்தது. கண்ணில் படாதவர் கருத்திலும் படவில்லை! மென்பொருள் எழுதுவோர் பற்றிய ஆய்வொன்றில், அருகருகே அமர்ந்திருந்தபோது இளையோருக்கு மூத்தோரின் திருத்தங்கள் மிகுதியாகக் கிடைத்தன என்றும் கண்டனர். இளையோர் கற்பர் என்று தலைவர்கள் கூறும் காரணம் முழுப்பொய்யன்று.

நாம் ஆசிரியத் தொழில் செய்பவர். நேரில் இருப்பதன் அருமையை அறிவோம். பள்ளிகள் மூடிக் கிடந்த அந்நாட்களில், கைபேசியின் சிறு சதுரத்துக்குள் எழுத்தறிவிக்க முயன்றனர். எழுத்தை மறந்து வந்த பிள்ளைகளுக்கு இன்றும் நாம் எழுத்துக் கற்பிக்கின்றோம். ‘புரிந்ததா’ என்று கேட்டால், ‘புரிந்தது’ என்று வாய் சொல்லும். ‘இல்லை’ என்று கண் சொல்லும். அந்தக் கண்ணைக் காண நேரில் இருக்கத்தான் வேண்டும். மருத்துவமனையில் செவிலியர் இருக்க வேண்டும். உலைக்களத்தில் தொழிலாளி இருக்க வேண்டும். தொழிலாளர் கூடியிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு: ஆணையிடுவோர் விரும்பாத நன்மை. ஒரே கூரையின் கீழ்ச் சேர்ந்தவர் ஒருவர் குறையை ஒருவர் கேட்பர், சங்கம் பிறக்கும். ஆலையே தொழிலாளரைச் சேர்த்துவைத்தது. சேர்ந்தவர்தாம் எட்டுமணி நேர வேலையை வென்றனர்.

ஆகவே, வீடா அலுவலகமா என்பதன்று நமது கேள்வி. இரண்டும் இடங்கள், இரண்டில் ஒன்றும் தெய்வமன்று. நமது கேள்வி வேறு. கூலிக்கு வேலை செய்பவர் எதை விற்கிறார்? உழைப்பையா, தம்மையா?

இந்தக் கேள்வியில்தான் ஒழுக்கம் அடங்கியிருக்கிறது. உழைப்பை விற்கிறார் என்றால், உழைப்பை அளந்து பெற்றுக்கொள்வதே முதலாளியின் உரிமை. அந்த உழைப்புக்கு நேரில் இருத்தல் தேவையானால், தேவையென்று காட்டிக் கேட்கட்டும், வருவார். தேவையில்லையானால், அவருடைய காலும், கண்ணும், காலைப்பொழுதும், நெரிசலில் கரையும் இரண்டு மணி நேரமும் அவருடையவை. அவற்றையும் சேர்த்துக் கேட்பது விலைச்சீட்டில் எழுதாத பொருளைக் கூடைக்குள் அள்ளிப் போடுவதாகும். தம்மையே விற்கிறார் என்றால், அதற்குக் கூலி வேலை என்று பெயரன்று. அதன் பெயரை நாம் சொல்லவும் வேண்டுமோ?

நாள்தோறும் காலையில் நாம் வருகைப் பதிவேட்டை விரிக்கிறோம். பெயர் அழைக்கிறோம். “உள்ளேன் ஐயா” எனும் குரல்கள் எழுகின்றன. உடல் உள்ளது என்பதற்குத்தான் அது சான்று. உள்ளம் உள்ளதா என்பதைப் பதிவேடு அறியாது. பதிவேட்டைப் பார்த்து, நாற்பது பேரும் கற்றுவிட்டனர் என்று மகிழ்கிற ஆசிரியர் சோம்பேறி. கற்பித்தலின் கடினத்தைத் தட்டிக் கழிப்பவர். வருகையைக் கொண்டு உழைப்பை அளக்கும் தலைவரும் அத்தகையவரே. யார் என்ன செய்தார், அது எத்துணைப் பயன் தந்தது என்று அளப்பது கடினம். அதற்கு அறிவு வேண்டும், பொறுமை வேண்டும். தலைகளை எண்ணுவது எளிது. எளிதானதைச் செய்துவிட்டு, அதற்குப் பண்பாடு என்று பெயரிடுகின்றனர்!

1940களிலேயே, ‘இனிவரும் உலகம்’ எனும் உரையில், பெரியார் ஒரு காட்சியைத் தீட்டினார். கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும். ஆளுக்கு ஆள் உருவம் கண்டு பேசிக்கொள்வர். ஓரிடத்திலிருந்தே பல இடத்து மக்களுக்குக் கல்வி புகட்டுவர் என்றார். கேட்டு நகைத்தவர் இருந்தனர். இன்று அக்கருவி நம் சட்டைப்பையில் இருக்கிறது. ஆனால், அவர் கருவியை மட்டுமா கனவு கண்டார்? கருவி வளர வளர மனிதரின் பாடு குறையும், ஓய்வு பெருகும், மேல் கீழ் மறையும் என்றல்லவோ எதிர்நோக்கினார்! கருவி வந்துவிட்டது. மேல் கீழ் மறையவில்லை. தொலைவை வென்ற அறிவியல், தோரணையை வெல்லவில்லை. அதை வெல்வது அறிவியலின் வேலையன்று, நம் வேலை.

ஆகவே, இளைஞர்களே, “திரும்பி வா” எனும் ஆணை உங்கள் கைக்கு வரும்போது, உடனே மறுக்கவும் வேண்டாம். உடனே பணியவும் வேண்டாம். கேளுங்கள். எந்த வேலைக்கு நான் நேரில் வேண்டும்? எத்தனை நாள்? அதனால் விளையும் பயன் யாது? அதை எவ்வாறு அளந்தீர்? இந்த விதி உமக்கும் உண்டா? ஒருவராகக் கேட்டால் ஒதுக்குவர், சேர்ந்து கேளுங்கள். அலுவலகம் அழைத்ததால் கூடினீர்களா, கூடிய இடத்திலேயே கேளுங்கள்! நேர்மையான விடை வந்தால் மகிழ்வோடு செல்லுங்கள். விடையே வராமல் விழி மட்டும் சிவந்தால், அவர் கேட்டது உங்கள் வேலையை அன்று என்று அறிந்துகொள்ளுங்கள்.

தோளிலிருந்து துண்டை இறக்கச் சொன்னவரைப் பார்த்து, “ஏன்?” என்று முதன்முதல் கேட்டவர் யார் என்பது நமக்குத் தெரியாது. பெயர் தெரியாத அந்த ஒருவர் கேட்டார். அதனால்தான் நம் தோளில் இன்று துண்டு கிடக்கிறது.